இயன்முறை மருத்துவ ஆசிரியர்: வேலூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் வட்டாரம் வரை

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி என்று ஊர்கள் வரிசையாக வரும். மேற்கே மலை, கிழக்கே கரிசல். இந்தச் சாலையோரத்து மக்கள் என்ன வேலை பார்த்து வாழ்கிறார்கள் என்பதை அவர்களுடைய மூட்டுகளைக் கேட்டாலே தெரிந்துவிடும். ராஜபாளையத்து நூற்பாலையில் இரவு ஷிப்டு முழுக்க நிற்கும் பெண்ணுக்குக் குதிகால் வலி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்காரருக்கு இடுப்பு. தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவருக்குக் கழுத்து. சுந்தரபாண்டியத்தில் கைத்தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவருக்கு முழங்கால். வத்திராயிருப்புப் பக்கம் தென்னை ஏறுபவர் தவறி விழுந்தால் முதுகுத்தண்டு. கிழக்கே சிவகாசிப் பக்கம் திரும்பினால் தீக்காயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பின் முன் நின்று மணிக்கணக்காகப் பால்கோவா கிண்டுகிறவர்களின் தோள்பட்டையை யாராவது ஆராய்ந்தால் நல்ல ஆய்வேடு ஒன்று கிடைக்கும்.

இத்தனை உடம்புகளையும் தொட்டுப் பார்த்து, நீட்டவும் மடக்கவும் நடக்கவும் மறுபடி பழக்கிவிடுகிறவர் பிசியோதெரபிஸ்ட். அரசு ஆணைகளில் அவர் இயன்முறை மருத்துவர். காலையில் கல்லூரியில் வகுப்பு, பிற்பகலில் புறநோயாளிப் பிரிவு என்று இரண்டையும் ஒருவரே பார்க்கும் வழக்கம் இத்துறையில் உண்டு. அப்படிப்பட்ட ஆசிரியர் எப்படி உருவானார் என்பதே இக்கட்டுரை தேடும் விஷயம்.

இந்த வரலாற்றைப் பட்டங்களின் ஏணியாகச் சொல்வதுதான் வழக்கம்: சான்றிதழ், பட்டயம், இளநிலை, முதுநிலை, முனைவர். ஏணி பொய்யில்லை. ஆனால் அதைக் கொண்டு சம்பள விகிதத்தை விளக்கலாமே தவிர, ஆசிரியரின் கையில் இருக்கும் அறிவு எங்கிருந்து வந்தது என்பதை விளக்க முடியாது. இத்துறையில் இன்று கற்பிக்கப்படும் முக்கியமான முறைகள் பலவும், ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு காலத்தில் ஒரே வகை நோயாளிகள் கூட்டமாக வந்து சேர்ந்த வார்டுகளில் பிறந்தவை என்பது என் வாதம். அங்கே நின்றவரே ஆசிரியரானார். நோயாளிகள் போன பிறகும் முறை பாடமாகி ஊர் ஊராகப் போயிற்று. தமிழ்நாடு ஒரு முறை, வேலூரில், அப்படி ஒரு பாடத்தை உலகத்துக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு பெரும்பாலும் வாங்கிக்கொண்டே இருக்கிறது.

மருத்துவர் சீட்டு வந்த கதை

ஸ்வீடனில் பெர் ஹென்ரிக் லிங் 1813ல் ஸ்டாக்ஹோமில் அரச உடற்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். உடற்பயிற்சியையும் பிடித்துவிடுதலையும் முறையாகக் கற்பிக்கும் மரபு ஐரோப்பாவில் அங்கிருந்து பரவியது. ஆனால் இன்றைய தொழிலின் சட்டதிட்டங்கள் உருவான இடம் லண்டன். 1894ல் அங்கே மசாஜ் என்ற பெயரில் விபசார விடுதிகள் நடப்பதாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியது. அந்தப் பழி தங்கள்மேல் விழாமல் இருக்க ரோசலிண்ட் பேஜட், லூசி ராபின்சன், மார்கரெட் பால்மர், எலிசபெத் மேன்லி ஆகிய நான்கு பெண்கள் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சங்கம் தேர்வு நடத்தியது. மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் யாருக்கும் சிகிச்சை செய்யக்கூடாது என்றும் விதி செய்தது.

முதல் உலகப் போரில் கைகால் சிதைந்து திரும்பிய சிப்பாய்கள் இவர்களுக்கு வேலையையும் மதிப்பையும் கொடுத்தார்கள். 1920ல் அரச பட்டயம் கிடைத்தது. 1944ல் சங்கத்தின் பெயரில் பிசியோதெரபி என்ற சொல் ஏறியது. மருத்துவர் சீட்டு என்ற விதி மட்டும் அசையவில்லை. நோயை அறிவது மருத்துவர், சொன்னதைச் செய்வது இவர் என்ற பிரிவினை அறிவியல் காரணத்தால் வந்ததல்ல. ஊர்ப்பழிக்குப் பயந்து வந்தது. நோயாளி நேராக வரலாம் என்று ஆஸ்திரேலியாவில் 1976லும், இங்கிலாந்தில் 1977லும் கதவு திறந்தது. நம் ஊரில் அந்தச் சச்சரவு இன்னும் ஓயவில்லை. 2025 செப்டம்பரில் இயன்முறை மருத்துவர்கள் பெயருக்கு முன் டாக்டர் என்று போடக்கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் கடிதம் எழுதியது. ஓரிரு நாளுக்குள் அதைத் திரும்பவும் பெற்றுக்கொண்டது. 1894ன் நிழல் அவ்வளவு நீளம்.

போலியோ வார்டு விட்டுச்சென்றவை

எந்தக் கல்லூரியானாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மாணவர் மனப்பாடம் செய்தே ஆகவேண்டிய ஒன்று உண்டு: தசை வலுவை 0 முதல் 5 வரை அளக்கும் முறை. அசைவே இல்லை என்றால் 0. துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. புவியீர்ப்பு இல்லாத நிலையில் அசைந்தால் 2, புவியீர்ப்பை எதிர்த்து அசைந்தால் 3. கையால் கொடுக்கும் எதிர்ப்பையும் ஓரளவு தாங்கினால் 4, முழு வலு 5.

இது எங்கிருந்து வந்தது? பாஸ்டனில் எலும்பு மருத்துவர் ராபர்ட் லவெட்டிடம் வேலை பார்த்த வில்ஹெல்மின் ரைட் என்ற பெண், போலியோவில் முடங்கிய குழந்தைகளின் ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகச் சோதித்து, பயிற்சி கொடுத்து, அந்த முறையை 1912ல் கட்டுரையாக வெளியிட்டார். அளவுகோலுக்கு லவெட்டின் பெயர் நிலைத்தது. ரைட்டின் பெயரைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. பால்டிமோரில் போலியோ நோயாளிகளிடமே உழைத்த ஹென்றி, புளோரன்ஸ் கெண்டல் தம்பதி 1949ல் தசைச் சோதனை பற்றி வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. இரண்டாம் உலகப் போரில் நரம்பு அறுபட்ட சிப்பாய்களுக்காக பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1943ல் வகுத்த அளவுகோல்தான் இன்று இந்திய மருத்துவமனைகளில் அதிகம் புழங்குவது.

போலியோ தாக்குவது தண்டுவடத்து இயக்க நரம்பணுக்களை. தசை துவண்டுபோகும். துவண்ட தசைக்குத்தான் 0 முதல் 5 வரை என்ற கணக்கு பொருந்தும். பக்கவாதத்தில் நிலைமை வேறு. மூளையின் பிடி தளர்ந்ததும் கை துவள்வதோடு நிற்காமல், சில வாரங்களில் விறைத்து மடங்கிக்கொள்ளும். ஒரு விரலை நீட்டச் சொன்னால் முழங்கையும் தோளும் சேர்ந்து கிளம்பும். இங்கே தனித்தனித் தசையின் வலுவை எண்ணால் எழுதுவது பாதி பொய். ஆகவே பக்கவாத வார்டிலிருந்து வேறு ஆசிரியர்கள் வந்தார்கள். ஸ்வீடனிலிருந்து அமெரிக்கா போன சிக்னே புருன்ஸ்ட்ராம், கை மீளும் கட்டங்களை வரிசைப்படுத்தி 1970ல் நூல் எழுதினார். ஜெர்மனியிலிருந்து தப்பி லண்டன் வந்த பெர்டா போபாத், கணவர் கார்ல் போபாத்துடன் சேர்ந்து, விறைப்பை அடக்கி இயல்பான அசைவைத் தூண்டும் வழியைத் தேடினார். இருவரும் நோயாளியின் பக்கத்தில் நின்று கண்டதையே கற்பித்தவர்கள். பிற்காலத்து ஆய்வுகள் இவர்களுடைய கொள்கைகள் சிலவற்றைத் தள்ளிவிட்டன; பெயர்கள் நம் வினாத்தாள்களில் அப்படியே இருக்கின்றன.

இந்தியாவில் முறையான கல்வி தொடங்கியதும் போலியோவால்தான். பம்பாயில் கே.ஈ.எம். மருத்துவமனையோடு சேர்ந்து 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பிசியோதெரபி பள்ளி பிறந்தது. 1955ல் இந்திய பிசியோதெரபிஸ்டுகள் சங்கம் உருவாயிற்று. 1951ல் கோபன்ஹேகனில் தொடங்கிய உலகக் கூட்டமைப்பில் இந்தியா 1967ல் சேர்ந்தது. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானார். 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. இன்றைய மாணவர் புதிதாகப் போலியோ வந்த குழந்தையைப் பார்க்கப்போவதில்லை. அந்தக் குழந்தைக்காகச் செய்த அளவுகோலோடுதான் பட்டம் வாங்குகிறார்.

வேலூர்

கொல்லிமலையில் 1914ல் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ராபர்ட் காக்ரேன் பொறுப்பில் இருந்தார். விரல்கள் பறவையின் கால் நகம்போல் மடங்கிய ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். வலி தாங்க முடியவில்லை. மடங்கி உபயோகமற்றுப் போனதாக எல்லோரும் நினைத்த கையில் அவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அங்கே எழுந்தது.

விடை இதுதான். தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளில் ஓடும் நரம்புகளைத் தேடிப் பிடிக்கும். முழங்கை அருகே தோலுக்கு அடியில் ஓடும் நரம்பு முதலில் பழுதாகும். அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும். முன்கையில் இருக்கும் பெரிய தசைகளுக்கு ஒன்றும் ஆகாது. அவற்றில் ஒன்றின் நாணை எடுத்து, நுனியை நான்காகப் பிளந்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைத்தால், மடங்கிய விரல் நிமிரும்.

அறுவை மருத்துவ வரலாறு இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடும். பிசியோதெரபிஸ்டின் கதை தொடங்குவதே இங்கேதான். அறுவைக்கு முன், ஆண்டுக்கணக்கில் மடங்கிக் கிடந்த விரல் மூட்டுகள் இறுகியிருக்கும். இறுகிய மூட்டில் நாணை மாற்றி வைத்து என்ன பயன்? மெழுகில் கையை அமிழ்த்தி, எண்ணெய் தடவி நீவி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மூட்டை இளக்க வேண்டும். அறுவைக்குப் பின் சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் அடுத்த சிக்கல். ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்த தசைக்கு இப்போது நான்கு விரல்களை நிமிர்த்தும் வேலை. மூளைக்கு அது தெரியாது. பழைய விரலை மடக்குவதாக நினைக்கச் சொல்லி, அப்போது வரும் புதிய அசைவைக் கண்ணால் பார்க்கச் செய்து, நாளுக்குச் சில நிமிடத்தில் தொடங்கி, பழைய நினைப்பிலிருந்து புதிய நினைப்புக்கு நோயாளியைக் கொண்டுவர வேண்டும். தொட்டால் தெரியாத கை என்பதால் கண்தான் ஆசிரியர்.

இந்த வேலையை வேலூரில் ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட். பிராண்டின் நூல்கள் பல மொழிகளில் வாசிக்கப்பட்டன. ரூத் தாமஸ் பெயர் அந்தக் கதைகளின் இடையில் ஒரு வரியாக வந்துபோகிறது. பாஸ்டனில் ரைட்டுக்கு நடந்ததே இவருக்கும். கத்தி பிடித்தவர் பெயர் நிலைக்கும், கை பிடித்தவர் பெயர் கரையும். இத்துறையின் வரலாற்றை எழுத வருகிறவர் முதலில் தாண்ட வேண்டிய மேடு இதுதான் என்பது என் எண்ணம்.

1951ல் வேலூரில் சிறு வீடுகளோடு ஒரு கிராமம்போலத் தொடங்கிய நவஜீவ நிலையத்தில், கை சரியான இளைஞர்கள் தச்சு வேலை கற்றார்கள். மரப்பொம்மைகள் செய்தார்கள். புதிய காயங்கள் வந்தன. ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று எழுதிவைத்தபோது, சதை தானாக அழுகி விழுவதில்லை என்பது தெளிவாயிற்று. உணர்வில்லாத கை சுத்தியலை வேண்டியதற்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறது, சூடான பாத்திரத்தை விடாமல் தூக்குகிறது, ஒரே இடத்தில் அழுத்தம் பட்டுக்கொண்டே இருப்பதை அறியாமல் நடக்கிறது. இதிலிருந்து பிறந்ததுதான் காயத்தைத் தடுக்கும் கல்வி: தினமும் கையையும் காலையும் பார்ப்பது, ஊறவைப்பது, எண்ணெய் தடவுவது, கைப்பிடிகளைத் தடிமனாக்குவது. நுண்துளை ரப்பர் (எம்.சி.ஆர்.) அடி வைத்த செருப்பும் அந்தக் காலத்து வேலூர், கரிகிரி வட்டாரத்துப் பட்டறைகளில் வளர்ந்ததே. இன்று அதே எம்.சி.ஆர். செருப்பைத் தொழுநோயே பார்க்காத சர்க்கரை நோயாளி போட்டுக்கொண்டு நடக்கிறார்.

கரிகிரியில் 1955ல் தொடங்கிய ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் பிசியோ டெக்னீஷியன்களுக்கு முறையான பயிற்சி கொடுத்தது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து கற்றுப்போனார்கள். பெரிய பட்டம் இல்லை, நோயாளிகள் ஏராளம். அறுவைக்கு முந்தைய படம், கோண அளவு, அறுவைக்குப் பிந்தைய அளவு என்று பதிவேடுகள் இருந்தன. கற்பவர், கற்பிப்பவர், நோயாளி மூவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்த காலம் அது. ஆசிரியர் வேறு, சிகிச்சையாளர் வேறு என்ற பிரிவே அங்கே எழவில்லை.

மேரி வர்கீஸை இங்கே சொல்லாமல் நகர முடியாது. 1925ல் கொச்சி வட்டாரத்தில் பிறந்து வேலூரில் மருத்துவம் படித்தவர், 1954ல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோய்க் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1966ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972ல் பத்மஸ்ரீ. அவர் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் அல்ல. ஆனால் சிகிச்சை பெறும் உடம்பும் கற்பிக்கும் உடம்பும் ஒன்றாக இருந்த இன்னொருவரை இந்த வரலாற்றில் காட்டுவது கடினம். பிராண்ட் 1966ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூர்க் கைகளில் கற்ற பாடம் அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குப் பரவியது.

கல்லூரிகள் பெருகியபோது

1980களின் தொடக்கத்தில் பலமருந்துச் சிகிச்சை வந்ததும் தொழுநோய் வேகமாகக் குறைந்தது. அதே காலத்தில்தான் தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டக் கல்வி பரவத் தொடங்கியது. 1988ல் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கிய பின் பி.பி.டி. நான்கரை ஆண்டுப் படிப்பாக அமைந்தது. கடைசி ஆறு மாதம் பயிற்சி. சென்னை கே.கே. நகரிலும் திருச்சியிலும் அரசுக் கல்லூரிகள். மற்றவை பெரும்பாலும் தனியார் கல்லூரிகள்.

வார்டையும் வகுப்பையும் கட்டியிருந்த முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது. கே.ஈ.எம்மிலும் வேலூரிலும் மருத்துவமனை முதலில் இருந்தது, வகுப்பு அதற்குள்ளிருந்து கிளம்பியது. பின்னால் வந்த பல தனியார் கல்லூரிகளில் வகுப்பு முதலில் கட்டப்பட்டது, நோயாளியைத் தேடி மாணவர்கள் பேருந்தில் போனார்கள். பட்டம் பெற்ற கையோடு முதுநிலை, முதுநிலை முடித்ததும் விரிவுரையாளர் என்று நேராக ஏறிய ஒருவர் பக்கவாத நோயாளி ஒருவரை முதல் நாளிலிருந்து ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்ததே இல்லாமல் பேராசிரியராக முடியும். இதில் அவர் பிழை குறைவு. பதவி உயர்வில் கட்டுரைகளை எண்ணுகிறார்கள், நோயாளிகளை எண்ணுவதில்லை.

வேறு மாதிரியும் இருந்தது என்பதற்கு ஜெஃப்ரி மெயிட்லாண்டைச் சொல்லலாம். அடிலெய்டைச் சேர்ந்த இவர் (1924–2010) சொந்த சிகிச்சையகம் நடத்திக்கொண்டே வாரத்தில் அரை நாள் நூலகத்தில் படித்து, தெற்கு ஆஸ்திரேலியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் கற்பித்தார். முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அசைக்கும் முறை பற்றி 1964ல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. மாணவர்கள் முன்னிலையில் நோயாளியைப் பரிசோதிப்பது, ஒரு முறை அசைத்ததும் உடனே மறுபடி சோதிப்பது, மாற்றம் இல்லையென்றால் தன் ஊகத்தைக் கைவிடுவது: அவருடைய பாடம் இவ்வளவுதான். நம் மாணவர்கள் மூட்டை அசைப்பதற்கு அவர் வகுத்த நான்கு கிரேடுகளை ஒப்பிக்கிறார்கள். கைவிடும் துணிச்சலை வகுப்பறையில் எப்படிக் கற்பிப்பது?

சட்டம் தாமதமாகவே வந்தது. டெல்லி 1997ல் தனக்கென ஒரு கவுன்சில் சட்டம் செய்துகொண்டது. நாடு முழுமைக்குமான மசோதா 2007ல் நாடாளுமன்றத்துக்கு வந்து காலாவதியானது. கடைசியில் 2021ல் தேசிய துணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. இயன்முறை மருத்துவம் அதில் தனிப் பிரிவு. ஆணையம் வகுத்த புதிய பாடத்திட்டத்தில் பி.பி.டி. ஐந்து ஆண்டு, அதில் முழுதாக ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. வகுப்பிலிருந்து வார்டுக்குத் திரும்ப ஒரு வழி என்ற அளவில், பட்டத்தின் பெயரைவிட இந்த ஓராண்டையே நான் முக்கியமாக எண்ணுகிறேன்.

அதே சாலையில்

கிருஷ்ணன்கோவிலில் விடுதலைப் போராட்ட வீரர் கலசலிங்கம் நிறுவிய கல்லூரி 1984ல் பொறியியலோடு தொடங்கியது. 2006ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்று தனியாகப் பொறியியல் வகுப்பு நடத்தும் அரிய இடம் அது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இந்த வட்டாரத்தில் உயர்கல்வி வந்த வரிசை இப்படி: முதலில் இயந்திரம், பிறகு உடம்பு.

உடம்பைப் பற்றிய கல்வி பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேறு ஒரு வாசல் வழியாக முன்பே வந்துவிட்டது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்சோதனையில் விழுந்து கழுத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. தனக்குச் சிகிச்சை கொடுத்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் அவர். 2020ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கத்தின் வேலைமுறைதான் நம் கட்டுரைக்கு முக்கியம். வளர்ச்சி தாமதமான குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு ஓடுவதில்லை. அந்தந்த ஊரிலேயே பயிற்சி பெற்ற பெண் வீட்டுக்கு வருகிறார். சிகிச்சையாளர் அவருக்கு வழிகாட்டி, தவணைதோறும் குழந்தையைப் பார்க்கிறார். இங்கே பிசியோதெரபிஸ்டின் பெரும்பகுதி வேலை கற்பிப்பது: தாய்க்கும், ஊர்ப் பணியாளருக்கும். கரிகிரியின் பழைய மேசை வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்.

அரசும் அந்தப் பக்கம் திரும்பியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. ஒன்றியத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர் வண்டியில் ஊர் ஊராகப் போகிறார். அவர் பார்ப்பவர்களில் பக்கவாதம் வந்து மாதங்கள் கழிந்தவர்கள் உண்டு. தோள் இறுகி, கை நெஞ்சோடு ஒட்டி, கணுக்கால் கீழ்நோக்கி விறைத்த பின் வருகிற இந்த நோயாளி போபாத்தின் லண்டன் நோயாளியும் அல்ல, புருன்ஸ்ட்ராமின் நோயாளியும் அல்ல. கட்டிலுக்குப் பதில் தரையில் பாய், கழிப்பறை கொல்லைப்புறத்தில், பார்த்துக்கொள்கிற மருமகள் காலை எட்டு மணிக்கு மில் பஸ் ஏறியாக வேண்டும். தரையிலிருந்து எழுந்திருப்பதற்கான படிப்படியான பயிற்சி இவருக்கு எந்த மேசைப் பயிற்சியையும்விட அவசரம். ஒன்றியத்து இயன்முறை மருத்துவருக்கு இதெல்லாம் அத்துபடி. ஆனால் அவர் ஆசிரியர் அல்ல. அவருக்குத் தெரிந்தது பாடத்திட்டத்துக்குள் வர வழியில்லை.

தீக்காயம்

நாட்டின் பட்டாசில் பெரும்பங்கு சிவகாசியைச் சுற்றித்தான் தயாராகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்திலும் இறந்தவர் எண்ணிக்கை செய்தியாகும். பிழைத்தவரின் கழுத்தும் அக்குளும் விரல்களும் அடுத்த ஒன்றரை ஆண்டில் என்ன ஆகும் என்பதை யாரும் எழுதுவதில்லை.

ஆழமான தீக்காயம் ஆறும்போது தழும்பு சுருங்கும். நோயாளிக்கு வலிக்காத நிலைதான் ஊனத்துக்குக் கொண்டுபோகும் நிலை. கழுத்தைக் குனிந்து வைத்தால் இதமாக இருக்கும். அப்படியே விட்டால் தாடை நெஞ்சோடு ஒட்டும். அதனால் தலையணை கூடாது. கையை உடம்போடு ஒட்டி வைத்தால் இதம்; அக்குள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கையைப் பக்கவாட்டில் அகற்றி வைக்க வேண்டும். வெந்த விரல்களுக்கு முதல் நாளிலிருந்தே பலகைக் கட்டு வேண்டும்: மணிக்கட்டு சற்று நிமிர்ந்து, விரலடி மூட்டுகள் மடங்கி, மற்ற விரல் மூட்டுகள் நீண்டு, கட்டைவிரல் விலகி. இதைச் செய்யாமல் விட்ட கையை வேலூர் முறையில் நாண் மாற்றித் திருத்துவதும் கடினம், ஏனென்றால் இங்கே தோலே இல்லை.

டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் குழந்தைகள் தீக்காய மருத்துவமனையில் 1970களின் தொடக்கத்தில், தொடர்ந்து அழுத்தம் பட்ட இடங்களில் தழும்பு தடிக்காமல் தட்டையாக ஆறுவதைக் கவனித்தார்கள். அதிலிருந்து அழுத்த உடை சிகிச்சையாக வளர்ந்தது. அளவெடுத்துத் தைத்த இறுக்கமான உடையை நாளுக்கு 23 மணி நேரம், தழும்பு முதிரும்வரை, ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு போட்டுக்கொள்ள வேண்டும். இங்கேயும் அதே கதை: ஓர் ஊரின் வார்டு, ஒரு முறை, பிறகு பாடம். ஆனால் விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் 23 மணி நேரம் அந்த உடையோடு ஒருவரால் இருக்க முடியுமா? வேர்வையில் தோல் புண்ணாகும். நோயாளி கழற்றி வைத்துவிடுவார். எந்தத் துணி, எத்தனை மணி நேரம், எந்த மாதத்தில் எப்படி என்று இந்த வட்டாரத்துக்கான கணக்கை இங்கேதான் போட வேண்டும்.

அதற்கு வேண்டிய பொருள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ராஜபாளையத்தில் ராமராஜு சர்ஜிக்கல் காட்டன் மில் 1939லிருந்து இயங்குகிறது. சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி நாடெங்கும் போகிறது. தளவாய்புரத்தில் அளவெடுத்துத் தைப்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காய வார்டு இருக்கிறது. வேலூரில் 1950களில் தச்சுப் பட்டறையும் செருப்புப் பட்டறையும் சிகிச்சையின் பகுதியானதுபோல இங்கே தறியும் தையல் மெஷினும் ஆகலாம். இல்லாதது, தீக்காய வார்டில் ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து நின்று, ஒவ்வொரு மூட்டின் கோணத்தையும் பதிவேட்டில் எழுதி, அதையே வகுப்பில் பாடமாக எடுக்கும் ஓர் ஆசிரியப் பதவி.

அப்படி ஒரு பதவியை உருவாக்குவது பெரிய கட்டிட வேலை அல்ல. பதவி உயர்வு விதியில், வெளியிட்ட கட்டுரைகளோடு, ஓராண்டாவது தொடர்ந்து பார்த்த நோயாளிகளின் பதிவேட்டையும் எண்ண வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் பயிற்சி மாணவர்களில் ஒரு பகுதியினரைச் சிவகாசித் தீக்காய வார்டுக்கும், இன்னொரு பகுதியினரை வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஒன்றியங்களின் வீட்டுச் சிகிச்சை வண்டிக்கும் அனுப்ப வேண்டும். ஒன்றியத்து இயன்முறை மருத்துவரை அவர்களுக்கு முறையான பயிற்சி ஆசிரியராக அறிவித்து, அதற்குரிய படியும் கொடுக்க வேண்டும். அழுத்த உடைக்கு முதல் அளவு காயம் மூடிய உடனே எடுக்கப்பட வேண்டும்; துணி தளர்வதாலும் குழந்தையென்றால் உடம்பு வளர்வதாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை புது அளவு வேண்டும். ஒரு மாணவர் முதல் அளவிலிருந்து கடைசி அளவுவரை ஒரே நோயாளியைப் பார்க்க ஒன்றரை ஆண்டு ஆகும். ஓராண்டுப் பயிற்சி அதற்குப் போதாது. அந்த நோயாளியை அடுத்த மாணவரிடம் ஒப்படைக்கும்வரை கூடவே இருக்கும் ஆசிரியர் வேண்டும்.